கோடும் வண்ணமும்: ஓவியக் கூறுகளிடையே நிகழ்ந்த ஒரு நெடுவழக்கு

ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் யாவை என வினவினால், புள்ளி, கோடு, வடிவம், ஒளிநிழல், வண்ணம், பரப்பின் தன்மை, வெளி என ஒரே மூச்சிற் கூறிவிடுதல் இன்றைய சித்திர வகுப்பு மாணவருக்கு எளிது. இலக்கண நூலார் எழுத்துக்களை முதல் எனவும் சார்பு எனவும் வகுத்தது போல, இவற்றையும் யாரோ ஒரு பேராசிரியர் அமைதியாக வகுத்து வைத்தார் என்றே பலரும் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இப்பட்டியலில் இன்று அண்மையில் அமர்ந்திருக்கும் கோடும் வண்ணமும் ஐரோப்பாவில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து வழக்காடியவை. அவ்வழக்கிற் சான்று பகர்ந்தோர் ஓவியர், தீர்ப்பளித்தோர் கலைக்கழகத்தார். ஆனால் வழக்கின் உட்பொருள் ஓவியம் மட்டுமன்று. ஓவியன் கைவினைஞனா, கற்றோனா? அவனுக்குச் சமுதாயத்தில் எவ்விடம்? கலையிற் கற்பிக்கத்தக்க பகுதி எது? இவ்வினாக்களே கோடு எனவும் வண்ணம் எனவும் வேறு பெயர் பூண்டு நின்றன.

14 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் புளோரன்சு நகரத்து ஓவியர்கள், மருத்துவரும் மருந்துச்சரக்கு வணிகரும் சேர்ந்தமைத்த தொழிற்குழாத்தில் உறுப்பினராயிருந்தனர். இக்காலத்தார்க்கு இது வியப்பாகத் தோன்றும். மருந்துச்சரக்கு விற்ற கடையிலேயே வண்ணப்பொடிகளும் விற்கப்பட்டன என்பதை அறிந்தால் வியப்பு நீங்கும். ஓவியன் என்பான் பொடி வாங்கி, அரைத்து, குழைத்து, சுவரிலும் பலகையிலும் பூசுபவன், அவ்வளவே. அக்காலக் கல்விமுறை இலக்கணம், அளவை, அணியியல், எண், வடிவியல், வானியல், இசை என ஏழு கலைகளையே கற்றோர்க்குரியனவாகக் கொண்டது. அவற்றுள் ஓவியம் இல்லை.

இந்நிலையில் 1435 ஆம் ஆண்டில் லியோன் பற்றிஸ்ரா அல்பேர்ட்டி என்பார் ஓவியம் பற்றி இலத்தீனில் ஒரு நூல் செய்தார். அந்நூல் தூரிகையிலிருந்தோ வண்ணத்திலிருந்தோ தொடங்கவில்லை, புள்ளியிலிருந்து தொடங்குகிறது. புள்ளிகள் தொடர்ந்து கோடாகும். கோடுகள் நெருங்கிப் பரப்பாகும் என அது செல்லும் நெறி யூக்கிளிட்டின் நெறி. தாம் கணித நூலாராக அன்றி ஓவியராகவே பேசுவதாக அல்பேர்ட்டி கூறினும், அவர் கணிதத்தை முன்வாயிலிற் காவலாக நிறுத்தியதன் நோக்கம் தெளிவு. வடிவியல் ஏழு கலைகளுள் ஒன்று; கோடு வடிவியலின் பிள்ளை; எனவே கோட்டை ஆள்பவன் கற்றோர் அவைக்குப் புறம்பானவனல்லன். வண்ணத்தை அவர் இகழ்ந்தாரல்லர். ஒளியை ஏற்கும் முறை என்னும் தலைப்பின் கீழ் அதற்கும் இடமளித்தார். படத்திற் பொன்னைக் காட்ட வேண்டுமாயின் பொற்றகடு ஒட்டாது வண்ணத்தாலேயே பொன்னின் ஒளியைத் தோற்றுவிக்க வேண்டும் எனவும் அறிவுறுத்தினார். பொருளின் விலையினும் கையின் திறனே பெரிது என்பது அதன் கருத்து. இன்றைய பாடநூல்களில் புள்ளியும் கோடும் முதலில் வருவதற்கு மூலம் தேடுவோர் அல்பேர்ட்டியின் அந்த முதற் பக்கங்களையே காண்பர்.

ஒரு நூற்றாண்டு கழித்து, ஜோர்ஜோ வசாரி இக்கருத்தை மேலும் உயர்த்தினார். 1550 இல் முதன்முறையும் 1568 இல் விரித்து இரண்டாம் முறையும் வெளிவந்த அவருடைய கலைஞர் வரலாற்று நூலில் ‘திசேஞ்ஞோ’ என்னும் இத்தாலியச் சொல் ஆட்சி செலுத்துகிறது. அச்சொல் தாளில் வரையும் வரைவையும் குறிக்கும். மனத்தில் எழும் திட்டத்தையும் குறிக்கும். ‘டிசைன்’ எனத் தமிழரும் வழங்கும் ஆங்கிலச் சொல் இதன் வழி வந்ததே. ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகிய மூன்றுக்கும் திசேஞ்ஞோவே தந்தை எனவும், அது அறிவிலிருந்து பிறப்பது எனவும் வசாரி கொண்டார். அவருடைய முயற்சியால் 1563 இல், கொசிமோ த மெடிச்சியின் ஆதரவுடன், புளோரன்சில் வரைவுக் கலைகளுக்கென ஒரு கலைக்கழகம் தோன்றியது. 1571 இல் அக்கழகத்து ஓவியரும் சிற்பியரும் பழைய தொழிற்குழாங்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டனர். கோட்டின் பெருமை அரசாணையாற் காசும் மதிப்பும் பெற்ற நாள் அது.

வெனிசு நகரத்தார் இதனை ஒப்பவில்லை. அவர்தம் நகரின் இயல்பே வேறு. உப்பீரம் நிறைந்த காற்றிற் சுவரோவியம் நிலைப்பதில்லை; ஆகவே அவர்கள் எண்ணெய் வண்ணத்தையும் கித்தான் துணியையும் விரைந்து ஏற்றனர். கீழைநாட்டு வணிகத்தின் பெரும்பகுதி அத்துறைமுகத்தின் வழியே சென்றது. ஆப்கானித்தானத்துப் படக்சான் மலைகளில் எடுக்கப்பட்ட நீலக்கல் அங்கே வந்திறங்கி, அரைபட்டு, பொன்னுக்கு நிகரான விலைபெறும் நீலமாயிற்று. வண்ணம் மட்டுமே விற்கும் தனி வணிகர் அந்நகரில் இருந்தனர். அத்தகைய ஊரில் வளர்ந்த திசியானோ முதலியோர், படம் முழுவதையும் முதலிற் கோட்டால் முடிவுசெய்து பின்னர் நிறம் நிரப்பும் வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. மேலுக்கு மேல் வண்ணம் ஏற்றி, ஏற்றியதை மாற்றி, மாற்றத்தினூடே உருவத்தைக் கண்டனர். ஜோர்ஜோனே வரைந்த ‘புயல்’ என்னும் படத்தை ஊடுகதிராற் சோதித்தபோது, இன்று இளைஞன் ஒருவன் நிற்கும் இடத்தில் முன்னர் ஒரு பெண்ணுரு அமர்ந்திருந்தமை புலப்பட்டது. திட்டம் முந்தி, படம் பிந்தி என்னும் புளோரன்சுக் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

திசியானோ உரோமாபுரிக்கு வந்திருந்த காலத்தில், அவரது படமொன்றைக் கண்ட மைக்கலாஞ்சலோ வண்ணத்தைப் புகழ்ந்துவிட்டு, வெனிசு நகரத்தார் தொடக்கத்திலேயே நன்கு வரையப் பழகாதது இரங்கத்தக்கது எனப் பின்னர்க் கூறியதாக வசாரி எழுதுகிறார். எழுதியவர் புளோரன்சுக் கழகத்தின் தலைமகன் என்பதை மனத்திற்கொண்டே இதனைப் படித்தல் வேண்டும். ஊர்ப்பற்று வரலாற்றாசிரியரையும் விடுவதில்லை. வெனிசின் சார்பில் லொடோவிக்கோ டொல்சே 1557 இல் ஓர் உரையாடல் நூலை வெளியிட்டுத் திசியானோவின் பெருமையை நிலைநாட்டினார்.

இத்தாலியில் ஊர்ப்பகையாயிருந்தது பிரான்சில் ஆட்சிக்குரிய வினாவாயிற்று. பாரிசில் அரச ஓவிய சிற்பக் கலைக்கழகம் 1648 இல் நிறுவப்பட்டது. அதன் நோக்கமும் தொழிற்குழாத்தினின்று பிரிதலே. கழகத்திற் கலைச் சொற்பொழிவுகள் நடைபெறுவது வழக்கம். 1671 இல் பிலிப் த சம்பேன் என்பார் திசியானோவின் படமொன்றை எடுத்துக்கொண்டு, வண்ணத்தின் கவர்ச்சியில் மயங்கி வரைவைக் கைவிடலாகாது என எச்சரித்தார். அவ்வாண்டின் இறுதியில் காபிரியேல் பிளான்சார் எழுந்து வண்ணத்தின் சார்பிற் பேசினார். வரைவு சிற்பிக்கும் பொது. வண்ணமே ஓவியனுக்குச் சிறப்பாக உரியது. அதனை விலக்கினால் ஓவியன் எதனால் ஓவியனாவான் என்பது வண்ணத்தார் கட்சியின் வாதம். இது எளிதிற் புறக்கணிக்கக்கூடியதன்று.

1672 சனவரியில் சார்ல் லெ புறூன் தீர்ப்புக் கூறினார். அவர் அரசனின் முதல் ஓவியர்; கழகத்தின் உயிர்நாடி. வரைவு மனத்திற் பிறப்பது. வண்ணம் சடப்பொருளைச் சார்ந்தது. ஆகவே வரைவே மேலானது என்றார். அத்துடன் நில்லாது, வண்ணமே ஓவியனை ஆக்குவதாயின் வண்ணம் அரைக்கும் ஏவலாளரும் ஓவியருக்குச் சமமாகிவிடுவர் என்றும் கூறினார். இந்த இறுதி வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. இது கலைபற்றிய வாதமே அன்று. இதன் முறையை ஏற்றுக்கொண்டால், கருங்கல் உடைப்பவன் சிற்பிக்குச் சமம் எனவும், தாள் செய்பவன் புலவனுக்குச் சமம் எனவும் கொள்ள நேரும். லெ புறூன் இதனை அறியாதவரல்லர். ஆனால் அவர் அஞ்சியது வேறு. கழகம் தோன்றி இருபத்துநான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓவியன் மீண்டும் அரைப்பவரும் பூசுபவரும் கூடியிருந்த பழைய குழாத்துக்குள் தள்ளப்படுவானோ என்னும் அச்சமே அவர் நாவிற் கோட்டின் புகழாக ஒலித்தது.

அதற்கடுத்த மாதம், 1672 பெப்ரவரியில், இலண்டன் அரச கழகத்தில் ஐசாக் நியூற்றன் ஒளியும் நிறங்களும் பற்றி எழுதிய கடிதம் படிக்கப்பட்டது. நிறங்கள் பொருள்களுக்குள் உறைந்து கிடப்பன அல்ல. வெள்ளொளிக்குள்ளேயே வெவ்வேறு அளவில் முறிவுறும் கதிர்களாக இருப்பன. பொருள்கள் அவற்றுட் சிலவற்றை மிகுதியாகத் திருப்பியனுப்புகின்றன என்பது அதன் சாரம். வண்ணம் சடப்பொருளைச் சார்ந்ததாகையால் தாழ்ந்தது என்னும் பாரிசுத் தீர்ப்பின் அடித்தளம், தீர்ப்புக் கூறப்பட்ட சில கிழமைகளிலேயே கடலுக்கப்பால் அகழப்பட்டது. இருசாராரும் ஒருவரையொருவர் அறியார். ஓவியருக்கும் இதனால் உடன்பயன் விளையவில்லை. கதிர்களைச் சேர்த்தால் வெண்மை தோன்றும், பொடிகளைச் சேர்த்தாலோ கருமையே மிகும்.

பாரிசில் வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றது. மேன்முறையீட்டாளர் ரொஜே த பீல். 1673 இல் வண்ணம்பற்றி ஓர் உரையாடல் எழுதி, கோட்டுக்கட்சியார் புசானைப் போற்றியது போலத் தாம் ரூபன்சைப் போற்றினார். ரூபன்சு மரி த மெடிச்சி அரசியின் வாழ்வைச் சித்திரித்த 24 பெரும்படங்கள் பாரிசிலேயே, இலக்சம்பேர்க்கு மாளிகையில் இருந்தன. சான்றுகளைத் தேடி வெனிசு செல்ல வேண்டியதில்லை. 1699 இல் த பீல் கழகத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1708 இல் வெளிவந்த அவருடைய நூலின் இறுதியில் ஒரு விந்தையான அட்டவணை காணப்படுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியருக்கு அமைப்பு, வரைவு, வண்ணம், உணர்ச்சி வெளிப்பாடு என்னும் நான்கு பாடங்களில் இருபதுக்குப் புள்ளி வழங்கியிருக்கிறார்! இருபது எவருக்கும் எட்டாதது, பத்தொன்பதும் எவருக்கும் இல்லை, பதினெட்டே உச்சம். வரைவில் இரபாயேலுக்கு 18, மைக்கலாஞ்சலோவுக்கு 17. வண்ணத்தில் மைக்கலாஞ்சலோவுக்கு 4. திசியானோவுக்கு வண்ணத்தில் 18, வரைவில் 15. ரெம்பிராண்டுக்கு வண்ணத்தில் 17, வரைவில் 6. தீர்ப்பளித்த லெ புறூனுக்கு வண்ணத்தில் 8 மட்டுமே கிடைத்தது. இரபாயேலின் நான்கு புள்ளிகளையும் கூட்டினால் 65. ரூபன்சின் கூட்டுத்தொகையும் 65. இச்சமன் தற்செயலாக நேர்ந்தது எனக் கொள்ளுதல் அரிது.

மாபெருங் கலைஞரை வகுப்புப் பிள்ளைகள் போல அளந்த இவ்வட்டவணையைப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். நகைப்புக்கு இடமுண்டு. ஆயினும் அதில் ஒரு புதுமை உண்டு என்பதை மறுக்கலாகாது. நூறாண்டுக்கு மேலாகத் தந்தையென்றும் ஏவலென்றும் பேசப்பட்ட வரைவும் வண்ணமும், அவ்வட்டவணையில்தான் ஒரே அளவுகோலில் ஒரே வரிசையில் அருகருகே நிறுத்தப்பட்டன. கூறுகள் சமமானவை என்னும் எண்ணம் முதலிற் பிறந்தது தத்துவ நூலில் அன்று, ஒரு புள்ளிப்பட்டியலில்.

18 ஆம் நூற்றாண்டில் வண்ணத்தின் கை ஓங்கியது. நூற்றாண்டின் முடிவில் மீண்டும் கோடு தலைதூக்கியது. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிர் கோட்டின் சார்பிலும் தெலக்குருவா வண்ணத்தின் சார்பிலும் நின்றனர். 1824 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் இருவர் படங்களும் எதிரெதிர்க் கட்சிகளின் கொடிகளாயின. தெலக்குருவா பலமுறை தோற்று 1857 இலேயே பிரெஞ்சுக் கலைமன்றத்திற் சேர்க்கப்பட்டார். இவை பலரும் அறிந்தவை. ஆயின் அதே 1824 இல், கண்காட்சிக்கு வெளியே, ஒரு சாயச்சாலையில் நிகழ்ந்த நியமனமே இவ்வழக்கின் போக்கை மாற்றியது.

கோபெலன் என்னும் அரச திரைச்சீலை நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்கு மிசேல் இயூசேன் செவ்ரோல் என்னும் வேதியியலார் தலைவரானார். சாலையின் கறுப்புச் சாயம் வலிவற்றது என முறைப்பாடுகள் வந்தன. செவ்ரோல் கறுப்புக் கம்பளிநூலைப் பிற சாலைகளின் நூலோடு ஒப்பிட்டார், குறையொன்றும் காணவில்லை. குறை சாயத்தில் இல்லை. கறுப்புக்கு அண்மையில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே அதனை வெளுத்ததாகக் காட்டின. எந்த நிறமும் தன் அயலிலுள்ள நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் சாய்க்கும்: சிவப்பின் அருகிற் சாம்பல் பசுமை காட்டும், பச்சையின் அருகிற் செம்மை காட்டும். இவ்விதியை அவர் 1839 இல் விரிவான நூலாக வெளியிட்டார். 1786 இற் பிறந்து 1889 வரை வாழ்ந்த அவர் தம் விதி ஓவியர் கூடங்களில் ஆளப்படுவதைக் கண்ணாரக் கண்டார்.

ஈண்டு ஒன்றைக் கூறாது செல்லல் இயலாது. 1663 இல் அக்கோபெலன் சாலைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் வேறெவரும் அல்லர், லெ புறூனே. வண்ணம் அரைப்போரின் வேலையெனத் தாழ்த்தப்பட்டது அவர் வாயால். அவர் ஆண்ட சாலையின் சாயத்தொட்டிகளுக்கிடையேதான் வண்ணத்துக்கு விதி பிறந்தது.

விதி பிறந்தமையால் வண்ணம் கற்பிக்கத்தக்கதாயிற்று. அதுவரை கோடே பாடம். வண்ணம் பிறவிக்கொடை எனக் கருதப்பட்டது. 1867 இல் சார்ல் பிளாங்கு வரைகலைகளின் இலக்கணம் எனத் தலைப்பிட்டு எழுதிய நூலில், வண்ணம் உறுதியான விதிகளுக்கு உட்பட்டது, இசையைப் போலக் கற்பிக்கத்தக்கது என ஒப்புக்கொண்டார். அதே நூலில், வரைவு ஆண்தன்மையது, வண்ணம் பெண்தன்மையது, ஆதலால் வரைவே ஆள வேண்டும் எனவும் எழுதினார். அறிவு முன்னேறினாலும் பழைய தரவரிசை ஆடை மாற்றிக்கொண்டு தங்கிவிடுகிறது. அந்நூலைப் படித்து வளர்ந்த சூரா, 1884 முதல் 1886 வரை ‘கிராண்டு ஜாத்து’ என்னும் பெரும்படத்தை நுண்ணிய வண்ணப்புள்ளிகளாலேயே அமைத்தார். அல்பேர்ட்டியின் புள்ளி கோட்டுக்குத் தாயாயிருந்தது; சூராவின் புள்ளியோ வண்ணமாகவே பிறந்தது.

இறுதிச் சமன்பாடு 1919 இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கல்லூரியில் நிகழ்ந்தது. அதனை நிறுவிய வால்டர் குரோப்பியஸ், ஓவியனுக்கும் கைவினைஞனுக்கும் சாராம்சத்தில் வேறுபாடு இல்லை எனத் தம் தொடக்க அறிக்கையிலேயே கூறினார். வசாரி எதனினின்று விடுதலை தேடினாரோ, அதனிடத்துக்கே குரோப்பியஸ் விரும்பித் திரும்பினார். கைவினைஞன் தாழ்ந்தவனல்லன் என்று ஆனவுடன், வண்ணம் தாழ்ந்தது என்பதற்கும் காரணம் எஞ்சவில்லை. அங்கே இட்டன் நடத்திய தொடக்கப் பாடத்தில் மாணவர் கோடு, வடிவம், வண்ணம், பொருள்களின் மேற்பரப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பயின்றனர். கண்டின்ஸ்கி 1926 இல் வெளியிட்ட நூலின் தலைப்பே புள்ளியும் கோடும் பரப்பும் பற்றியது. அவர் 1923 அளவில் ஒரு வினாத்தாள் அமைத்து, முக்கோணம், சதுரம், வட்டம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் நிறம் எது எனக் கேட்டார். மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்பதே பெரும்பான்மையோர் விடை. ஆசிரியர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆசிரியர் விரும்பும் விடையை மாணவர் முன்கூட்டியே உணர்வர் என்பதைப் பள்ளிக்கூடங்களைச் சார்ந்தோர் நன்கறிவர். ஆகவே இதனை இயற்கை விதியாகக் கொள்ளத் தேவையில்லை. 1933 இல் நாட்சிகளின் நெருக்குதலால் அக்கல்லூரி மூடப்பட்டது. ஆசிரியர் பலர் நாடுகடந்தனர். அமெரிக்காவில் அவர்கள் கற்பித்த பாடமுறைகளின் வழியே இக்கூறுகளின் பட்டியல் உலகப் பள்ளிகளுக்குப் பரவியது.

அப்பட்டியல் பரவுமுன்னரே பௌஹவுஸ் ஓவியங்கள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டன. 1922 டிசம்பரில் அங்கு நடைபெற்ற கண்காட்சியில் கண்டின்ஸ்கி, கிளே, இட்டன் ஆகியோர் படைப்புகள் இந்திய ஓவியருடைய படைப்புகளோடு வைக்கப்பட்டன. அதற்கு முன்னின்றோருள் ஒருவர் சாந்திநிகேதனத்திற் கற்பித்த ஸ்ரெல்லா கிராம்ரிஷ் அம்மையார். விஷ்ணுதர்மோத்தரத்தின் மூன்றாங் காண்டத்திலுள்ள சித்திரசூத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1924 இல் வெளியிட்டவரும் அவரே. அவ்வடமொழி நூலிலும் இதே வழக்கின் நிழல் விழுந்திருக்கிறது. ஆசிரியர் கோட்டைப் போற்றுவர், நுண்ணறிவுடையோர் ஒளிநிழல் தீட்டலைப் போற்றுவர், பெண்டிர் அணிகளை விரும்புவர், ஏனையோர் வண்ண நிறைவை விரும்புவர் என்னும் கருத்து அங்குள்ளது. கோட்டை ஆசிரியருக்கும் வண்ணத்தைப் பொதுமக்களுக்கும் வைத்த இவ்வரிசை லெ புறூனுக்கு இனித்திருக்கும். ஆனால் அந்நூல் தீர்ப்புக் கூறி ஒன்றைத் தள்ளவில்லை. எல்லார் மனத்துக்கும் இசையுமாறு ஓவியம் முயன்று செய்யப்படவேண்டும் என்றே முடிக்கிறது.

பழந்தமிழில் வண்ணமில்லாத கோட்டோவியத்துக்குத் தனிப்பெயரே உண்டு. அது புனையா ஓவியம் எனப்பட்டது. நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் இது உவமையாக வருகிறது. நெடுநல்வாடையில், அரசன் பாசறையில் இருக்க, அணிகளைத் துறந்து கட்டிலில் இருக்கும் அரசிக்கு அவ்வோவியம் உவமையாகிறது. வண்ணம் ஏற்றாமல் வடிவு மாத்திரம் வரைந்த சித்திரம் என நச்சினார்க்கினியர் உரை விளக்கம் தருகிறது. புளோரன்சிலும் பாரிசிலும் கோடு தனித்து நிற்பது அறிவின் பெருமையாயிருந்தது. அத்தமிழ்ப் புலவரின் கண்ணுக்கோ அது ஒரு பிரிவின் தோற்றம்: உருவில் எக்குறையும் இல்லை, வரவேண்டிய வண்ணம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.